யூஐ ப்ராஜெக்ட்: ஸ்கிரீன் வரைவதற்கு முன்னும் பின்னும் என்ன செய்வது

யூசர் இன்டர்ஃபேஸ் ப்ராஜெக்ட் என்றவுடன் பெரும்பாலான டீம்கள் செய்யும் முதல் வேலை ஸ்கிரீன் வரையும் கருவியான ஃபிக்மாவைத் திறந்து லாகின் ஸ்கிரீன் வரைவது. இரண்டாவது வேலை, எந்த நிறம் வைப்பது என்று வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுவது. சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் மதிப்பீடு என்று ஒரு பகுதி இருப்பதே நினைவுக்கு வரும். உடனே நண்பர்கள் பத்துப் பேருக்கு ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பி, 90 சதவீதம் பேர் "நன்றாக இருக்கிறது" என்று சொன்னதாக ஒரு வட்டப் படம் போட்டு ரிப்போர்ட்டை மூடிவிடுவார்கள்.

இப்படிச் செய்தால் மதிப்பெண் குறைகிறதோ இல்லையோ, நீங்கள் புதிதாக எதையும் தெரிந்துகொண்டிருக்க மாட்டீர்கள். இந்த வகை ப்ராஜெக்டில் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்றுதான்: ஆட்களை உட்காரவைத்துப் பார்த்தபோது என்ன தெரிந்தது, அதனால் எதை மாற்றினீர்கள்? இதற்கு நாலைந்து உறுதியான பதில்கள் கையில் இருந்தால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் பயப்பட ஒன்றுமில்லை. அதனால் நாட்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மொத்த நேரத்தில் பாதியை சோதிப்பதற்கும் திருத்துவதற்கும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் மற்றதைச் செய்யுங்கள். இது புது யோசனை ஒன்றும் இல்லை. ஜான் கூல்ட், கிளேட்டன் லூயிஸ் என்ற இருவர் 1985-இலேயே, பயன்படுத்தப்போகிறவர்களைத் தொடக்கத்திலேயே கவனி, அவர்கள் செய்வதை அளந்து பார், திருத்தித் திருத்திச் செய் என்று மூன்று விதிகளாக எழுதிவிட்டார்கள். கேட்டால் எல்லோரும் "இது தெரிந்ததுதானே" என்பார்கள், ஆனால் செய்யமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். இன்றைக்கும் நிலைமை அதேதான்.

தலைப்பைச் சுருக்குங்கள்

"மாணவர்களுக்கான ஆல் இன் ஒன் ஆப்" என்று ஆரம்பித்தால் கடைசியில் நாற்பது ஸ்கிரீன் இருக்கும், ஒன்றுகூட ஒழுங்காகச் சோதிக்கப்பட்டிருக்காது. மூன்று வேலைகளுக்குள் அடங்குகிற தலைப்பாக எடுங்கள். இன்னொரு நிபந்தனையும் உண்டு: அந்த வேலையை இப்போதே ஏதோ ஒரு வழியில் செய்துகொண்டிருக்கிற ஆட்கள் உங்களுக்கு எளிதில் கிடைக்க வேண்டும். விமானிகளுக்கான ஸ்கிரீன் என்பது கேட்க அருமையாக இருக்கும், ஆனால் சோதிக்கும் நாளில் ஐந்து விமானிகளுக்கு எங்கே போவீர்கள்?

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: நூலகத்தில் குழுவாக உட்கார்ந்து படிக்கும் அறைகளை முன்பதிவு செய்யும் ஆப். சின்ன விஷயம்தான், உள்ளே போனால் நிறைய இருக்கிறது.

முதலில் போய்ப் பாருங்கள்

"இப்படி ஒரு ஆப் வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்காதீர்கள். உங்கள் முகத்துக்காக எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக எப்போது அறை எடுத்தீர்கள்? அன்றைக்கு என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்லும்போதுதான் பிரச்சினைகள் வெளியே வரும், அதுவும் நீங்கள் நினைத்தே பார்க்காத இடத்திலிருந்து.

கேட்பதோடு நிற்காமல், வேலை நடக்கிற இடத்தில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். நூலக மேசையில் ஒரு பதிவு நோட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எத்தனை வரிகள் அடித்து எழுதப்பட்டிருக்கின்றன, யார் வந்து என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தால், அறை எடுக்க வருகிறவர்களைவிட "மூணாம் அறைக்காரங்க இன்னும் வரலையே, நாங்க உட்காரலாமா?" என்று கேட்க வருகிறவர்கள் அதிகம் என்று தெரியலாம். அப்படியானால் உங்கள் ஆப் தீர்க்க வேண்டிய பிரச்சினையே வேறு. முன்பதிவு செய்வது சுலபம்தான், எடுத்துவிட்டு வராதவர்களின் அறையை எப்படி விடுவிப்பது என்பதுதான் சிக்கல். ஃபிக்மாவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் இது தோன்றாது.

பெர்சோனா (பயன்படுத்தப்போகிறவரைப் பற்றிய மாதிரிச் சித்திரம்) கேட்டால் எழுதுங்கள், ஆனால் நீங்கள் பார்த்த ஆட்களிலிருந்து எழுதுங்கள். "வயது 21, பயணம் பிடிக்கும், பாட்டுக் கேட்பார்" என்ற வரிகளால் ஒரு பொத்தானின் இடம்கூட மாறப்போவதில்லை. "வகுப்புகளுக்கு நடுவே பத்து நிமிட இடைவெளியில், ஒரு கையில் புத்தகத்தோடு, போனில் அறை தேடுகிறார்" என்றால் அதற்குப் பயன் உண்டு. ஒற்றைக் கையால் எட்டுகிற இடத்தில் முக்கியமான பொத்தான் வர வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது.

இந்தக் கட்டத்தின் முடிவில் மூன்று வேலைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆப்பில் இருக்கப்போகிற சொற்கள் அதில் வரக் கூடாது. "'புதிய முன்பதிவு' பொத்தானை அழுத்தி அறையைத் தேர்ந்தெடுக்கவும்" என்பது விடையைக் காட்டிவிட்டுப் பரீட்சை வைப்பது. "நாளை மதியத்துக்கு மேல் உங்கள் நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து ஒரு செமினாருக்குத் தயாராக வேண்டும், இடம் பிடியுங்கள்" என்பது சரி. இதே மூன்று வேலைகளைத்தான் கடைசிவரை பயன்படுத்தப்போகிறீர்கள், அதனால் இங்கே கொஞ்சம் மெனக்கெடலாம்.

காகிதத்தில் ஆரம்பியுங்கள்

டீமில் நாலு பேர் என்றால் நாலு பேரும் தனித்தனியாக வரையுங்கள், பிறகு ஒன்றாக வைத்துப் பாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து வரைந்தால் முதலில் பேசுகிறவரின் யோசனைதான் ஜெயிக்கும். ஒரே ஸ்கிரீனை மூன்று நிறத்தில் வரைவது மூன்று வடிவமைப்பு ஆகாது. ஒன்று நேரத்திலிருந்து ஆரம்பிக்கட்டும், ஒன்று அறைகளின் வரைபடத்திலிருந்து, ஒன்று "இப்போது காலியாக இருப்பவை" என்ற பட்டியலிலிருந்து. அப்போதுதான் ஒன்றைவிட இன்னொன்று ஏன் மேல் என்று பேச முடியும்.

அப்புறம் காகித முன்மாதிரி. ஸ்கிரீன் அளவுக்குத் தாள்களை வெட்டி, கையால் எழுதி, பாப்-அப்புகளுக்கு ஒட்டும் துண்டுத் தாள்களை வைத்துக்கொண்டு ஒருவரை எதிரே உட்காரவையுங்கள். டீமில் ஒருவர் கம்ப்யூட்டர். எதிரில் இருப்பவர் விரலால் எதைத் தொடுகிறாரோ அதற்கேற்ற தாளை எடுத்து வைப்பது மட்டும்தான் அவர் வேலை. கம்ப்யூட்டர் பேசக் கூடாது, சிரிக்கவும் கூடாது, இது சொல்வதைவிடக் கஷ்டம். தொட்டதற்குத் தாளே இல்லையென்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் அறையின் பெயரைத் தொட்டுவிட்டு எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறார் என்றால், எத்தனை பேர் உட்காரலாம், ப்ரொஜெக்டர் இருக்கிறதா என்று அவர் பார்க்க நினைத்திருப்பார். நீங்கள் அதை வரையவே இல்லை. தாள் என்பதால் இரண்டு நிமிடத்தில் எழுதிச் சேர்த்து, அடுத்த ஆளிடம் காட்டிவிடலாம். கிறுக்கலாக இருப்பதில் இன்னொரு லாபம், பார்ப்பவர்கள் கூச்சமில்லாமல் குறை சொல்வார்கள். மெருகேற்றிய ஸ்கிரீனைக் காட்டினால் "ஃபான்ட் நல்லா இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

சொற்கள் புரிகின்றனவா, வரிசை சரியா, ஏதாவது விட்டுப்போயிற்றா, இந்த மூன்றையும் காகிதம் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். வேகம், ஸ்க்ரோல், விரலசைவு இவற்றை அதில் சோதிக்க முடியாது. கையில் வைத்திருக்கும் பொருள் என்றால் கட்டைகூடப் போதும். 1996-இல் பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி வெளிவருவதற்கு முன் அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அந்த அளவுக்கு வெட்டிய ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்து, தேவைப்படும்போது எடுத்து எழுதுவதுபோல் நடித்துப் பார்த்தார். உங்களுடையது குரலில் இயங்கும் உதவியாளரோ சாட்பாட்டோ என்றால், மறைவிலிருந்து ஒரு ஆள் பதில் அனுப்ப, பேசுகிறவர் அதைக் கணினி என்று நம்பும்படி செய்து பார்க்கலாம். இதற்கு விஸார்ட் ஆஃப் ஆஸ் முறை என்று பெயர், 1980-களின் தொடக்கத்திலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அது மரியாதை.

இப்போது ஃபிக்மா

முதல் சுற்றைக் கறுப்பு, வெள்ளை, சாம்பலில் செய்யுங்கள். நிறம் வந்தால் கவனம் முழுக்க அங்கே போய்விடும். "அறை 1, அறை 2" என்று அழகான போலித் தகவல்களை நிரப்பாமல் உண்மையில் வரக்கூடியவற்றைப் போடுங்கள்: நீளமான பெயர், எல்லா அறைகளும் நிரம்பிய நாள், ஒன்றுமே பதிவு செய்யாதவரின் காலியான பக்கம், நெட் பாதியில் போனால் வரும் செய்தி. டீம்கள் பெரும்பாலும் வரையாமல் விடுவது இவற்றைத்தான். தமிழில் இடைமுகம் செய்கிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள், ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வெட்டிய பொத்தானில் தமிழ்ச் சொல் பல நேரம் அடங்காது, வரிகளுக்கிடையே கொஞ்சம் கூடுதல் இடம் விடாவிட்டால் கொம்பும் கொக்கியும் முட்டிக்கொள்ளும். அதனால் எழுத்துகளை முதலில் வைத்து, பெட்டியைப் பிறகு வரையுங்கள்.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்க வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி என்ற, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களைச் செய்வதற்கான வழிகாட்டி (சோதித்துச் சொல்ல இலவசக் கருவிகள் ஏராளம்). விரலால் தொடும் இடத்துக்கு ஆப்பிள் 44 பாயின்ட், ஆண்ட்ராய்டு 48 டிபி (இரண்டும் ஸ்கிரீனில் அளக்கும் அலகுகள்) என்று பரிந்துரைக்கின்றன. பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் நிரம்பியது என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு சொல்லோ குறியோ வேண்டும். தொட்டதற்கு 0.1 விநாடிக்குள் ஏதாவது அசைந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும், ஒரு விநாடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது, 10 விநாடி தாண்டினால் ஆள் வேறு எங்கோ போய்விடுவார்.

ரிப்போர்ட்டில் விதிகளின் பெயர்களை அடுக்குவதில் கவனமாக இருங்கள். உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956 கட்டுரையைக் காட்டி "மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது" என்று எழுதாத மாணவர்கள் குறைவு. அது ஒரே நேரத்தில் எத்தனை விஷயங்களை மனதில் வைத்திருக்க முடியும் என்பதைப் பற்றிய கட்டுரை. மெனு கண்ணெதிரே இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்யப்போவதில்லை.

எல்லா ஸ்கிரீனையும் இணைக்கத் தேவையில்லை, மூன்று வேலைகளுக்கான பாதைகள் போதும். ஆனால் தப்பான பாதைகளில் சிலவற்றையும் இணையுங்கள். சரியான பொத்தான் மட்டும்தான் வேலை செய்யும் என்றால் அங்கே இங்கே தட்டி எல்லோரும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. இன்னொன்று: ஃபிக்மா முன்மாதிரியில் வெற்றிடத்தைத் தட்டினால் எங்கெல்லாம் இணைப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் நீலப் பெட்டி மின்னும். ஹாட்ஸ்பாட் ஹின்ட் என்ற அந்த அமைப்பைச் சோதனைக்கு முன் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஆப் தானாகவே விடை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வடிகட்டல்

ஹியூரிஸ்டிக் மதிப்பீடு என்பது, பொதுவான சில விதிகளோடு ஒப்பிட்டு வடிவமைப்பில் குறைகளைத் தேடுவது; ஜேக்கப் நீல்சனும் ரால்ஃப் மோலிக்கும் 1990-இல் முன்வைத்த முறை. இப்போது எல்லோரும் பயன்படுத்தும் பத்து விதிகள் நீல்சன் 1994-இல் சீர்செய்தவை. பக்கத்து டீமோடு மாற்றிக்கொள்ளுங்கள், அவர்களுடையதை நீங்கள் பாருங்கள், உங்களுடையதை அவர்கள் பார்க்கட்டும். மூன்று முதல் ஐந்து பேர் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, பிறகுதான் பட்டியல்களைச் சேர்க்க வேண்டும். ஒருவர் பார்ப்பதை இன்னொருவர் தவறவிடுவார் என்பதுதான் இந்த முறையின் அடிப்படையே.

"நேவிகேஷன் சரியில்லை" என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது. "தேதியைத் தேர்ந்தெடுத்தபின் பின்செல்லும் குறியைத் தட்டினால் முதலில் கொடுத்த ஆட்களின் எண்ணிக்கை அழிந்துவிடுகிறது, மறுபடி கொடுக்க வேண்டியிருக்கிறது" என்று எழுதி, எந்த விதி மீறப்பட்டது, 0 முதல் 4 வரை தீவிரம் எவ்வளவு என்று போடுங்கள். 3, 4 வந்தவற்றைத் திருத்திவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ஓட்டையில் அவர்கள் விழுவதைப் பார்க்க அவர்கள் நேரத்தை வீணாக்காதீர்கள்.

உட்காரவைத்துப் பார்ப்பது

எத்தனை பேர் வேண்டும்? நீல்சனும் தாமஸ் லண்டவரும் 1993-இல் தந்த கணக்குப்படி, அவர்கள் பார்த்த ப்ராஜெக்டுகளில் சோதனைக்கு வந்த ஒருவர் சராசரியாக 31 சதவீதப் பிரச்சினைகளை வெளிக்கொண்டுவந்தார். ஒரே பிரச்சினை பலரிடமும் திரும்ப வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வரும். இது சராசரிதான், எல்லா ஆப்புக்கும் பொருந்தும் என்று எழுதிக்கொடுத்த உத்தரவாதம் இல்லை. ஆனாலும் மாணவர் ப்ராஜெக்டுக்கு ஐந்து பேர் நல்ல எண்ணிக்கை. பத்துப் பேர் கிடைத்தால் ஒரேயடியாகக் காட்டாமல், ஐந்து பேரிடம் காட்டி, திருத்தி, மற்ற ஐந்து பேரிடம் காட்டுங்கள். உங்கள் டீமில் இருப்பவர்களும், ப்ராஜெக்டைப் பற்றி தினமும் கேட்டு அலுத்த நெருங்கிய நண்பர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

முதலில் அனுமதி. என்ன செய்யப்போகிறோம், எதைப் பதிவு செய்கிறோம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் கல்லூரியில் எதிக்ஸ் அனுமதி (ஆட்களை வைத்து ஆய்வு செய்ய ஒப்புதல்) தேவை என்றால் அது வந்த பிறகுதான் தொடங்க வேண்டும், பின்தேதியிட்டு வாங்க முடியாது. குறிப்புகளில் பெயர் வேண்டாம், ப1, ப2 என்று போதும். "நாங்கள் சோதிப்பது ஆப்பைத்தான், உங்களை இல்லை, எங்கே முட்டிக்கொள்கிறீர்களோ அதுதான் எங்களுக்கு வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருவர் பேசவும் ஒருவர் எழுதவும் ஆக இரண்டு பேர் போதும். நாலு பேர் சூழ்ந்து நின்றால் நேர்காணல் மாதிரி ஆகிவிடும்.

செய்யும்போதே மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். சும்மா சொன்னால் வராது, வேறு ஏதாவது ஆப்பில் நீங்கள் ஒரு நிமிடம் செய்துகாட்டுங்கள். அதன்பின் உங்கள் வேலை வாயைக் கட்டுவது. "இதை அழுத்தணுமா?" என்று கேட்பார்கள். "நான் இங்கே இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். பேச்சு நின்றால் "இப்போது என்ன யோசிக்கிறீர்கள்?" போதும். உதவி செய்யத் துடிக்கும் கை இருக்கிறதே, அதுதான் ப்ராஜெக்டின் எதிரி.

இப்படி ஒரு காட்சி வரும் என்று வைத்துக்கொள்வோம். ப3 அறையைத் தேர்ந்தெடுத்துவிட்டார், நேரமும் சரி. "உறுதி செய்" பொத்தான் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. ஒருமுறை தட்டுகிறார், இன்னொரு முறை கொஞ்சம் அழுத்தித் தட்டுகிறார். "நெட் இல்லையோ?" என்கிறார். மேலே போய் நேரத்தை மாற்றிவிட்டு மறுபடி தட்டுகிறார். உண்மையில், அறை எதற்காக என்று நிரப்ப வேண்டிய ஒரு கட்டாயப் பெட்டி ஸ்கிரீனின் கீழ் விளிம்புக்கு அப்பால் ஒளிந்திருக்கிறது. குறிப்பில் "ப3 குழம்பினார்" என்று எழுதினால் போயிற்று. எதைத் தட்டினார், என்ன சொன்னார், அடுத்து எங்கே போனார் என்று நடந்ததை அப்படியே எழுதுங்கள், காரணத்தைப் பக்கத்தில் தனிப் பத்தியில். திருத்தமும் ஒன்றோடு நிற்காது. "நோக்கத்தை நிரப்பவும்" என்று செய்தி காட்டலாம், அது ஒட்டுப்போடுவது. பெட்டியை மேலே கொண்டுவரலாம், அது பரவாயில்லை. நோக்கம் என்ற அந்தத் தகவல் யாருக்கு வேண்டும் என்று நூலகத்தில் போய்க் கேட்டு, யாருக்குமே வேண்டாம் என்று தெரிந்து, பெட்டியையே தூக்கினால் அதுதான் வடிவமைப்பு. இந்த ஒரு கதை உங்கள் ரிப்போர்ட்டில் பத்துப் பக்கத்துக்குச் சமம்.

உண்மையான சோதனைக்கு முந்தைய நாள் யாராவது ஒருவரை வைத்து ஒத்திகை பாருங்கள். வேலைகளின் வாசகம் புரியவில்லை, லிங்க் திறக்கவில்லை என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

எண்களை எப்படி எழுதுவது

ஐந்து பேரில் மூன்று பேர் முடித்தார்கள் என்றால் "5 பேரில் 3 பேர்" என்றே எழுதுங்கள். "60 சதவீதம்" என்று எழுதினால் படிப்பவருக்கு முதலில் சிரிப்புதான் வரும். சத்தமாகப் பேசிக்கொண்டே செய்தவர்களின் நேரத்தை அளந்து பட்டியல் போடாதீர்கள், பேசுவதே வேகத்தை மாற்றிவிடும். நேரம் வேண்டுமென்றால் தனிச் சுற்று வையுங்கள். இரண்டு வடிவங்களை ஒரே ஆட்களிடம் ஒப்பிடுகிறீர்கள் என்றால் பாதிப் பேருக்கு முதலில் ஒன்று, மீதிப் பேருக்கு முதலில் மற்றது என்று மாற்றிக் கொடுங்கள், இரண்டாவதாகச் செய்வது பழக்கத்தாலேயே சுலபமாகத் தோன்றும்.

கேள்வித்தாள் வேண்டுமென்றால் சொந்தமாக எழுதாமல் ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) எடுத்துக்கொள்ளுங்கள், பயன்படுத்த எவ்வளவு சுலபம் என்று அளக்கும் கேள்வித்தாள் அது. பத்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 (ஒத்துக்கொள்ளவே இல்லை) முதல் 5 (முழுக்க ஒத்துக்கொள்கிறேன்) வரை. வேலைகளை முடித்தவுடன், அரட்டை ஆரம்பிப்பதற்கு முன் கொடுக்க வேண்டும். ஒற்றைப்படைக் கேள்விகளின் விடையிலிருந்து 1 கழியுங்கள், இரட்டைப்படைக் கேள்விகளின் விடையை 5-லிருந்து கழியுங்கள், எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்குங்கள். எல்லாவற்றுக்கும் 3 என்று போட்டால் 50 வர வேண்டும், உங்கள் எக்செல் சூத்திரத்தை அப்படிச் சோதித்துக்கொள்ளலாம். 0 முதல் 100 வரை வந்தாலும் அது சதவீதம் இல்லை, சராசரி 68 என்பது பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு. எங்கே பிரச்சினை என்று இந்த எண் சொல்லாது. அதைச் சொல்ல ப3 தட்டித் தட்டிப் பார்த்த அந்தச் சாம்பல் பொத்தான் போன்ற குறிப்புகள்தான் வேண்டும்.

ரிப்போர்ட்

நீங்கள் செய்த வரிசையில் நாட்குறிப்பு மாதிரி எழுத வேண்டாம். ஒவ்வொரு முக்கிய மாற்றத்துக்கும் முந்தைய படம், பிந்தைய படம், நடுவில் யார் என்ன செய்ததால் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி. திருத்தாமல் விட்டவற்றையும் காரணத்தோடு சொல்லுங்கள், அதை மறைத்தால் வைவாவில் முதல் கேள்வியே அதுதான். சோதித்தவர்கள் எல்லோரும் ஒரே துறை மாணவர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். காகிதத் தாள்களைத் தூக்கிப்போடாமல் படமெடுத்து, மூலத்தையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், மேசையில் பரப்பினால் பேச்சு தானாக அவற்றின் பக்கம் திரும்பும். ஃபிக்மா லிங்க்கை உங்கள் கணக்கில் இல்லாத வேறொரு கணினியில், லாகின் செய்யாமல், முந்தின நாளே திறந்து பாருங்கள். பகிர்வு அனுமதி மூடியே இருந்தால் அது தெரிய வேண்டியது அன்றைக்குத்தான், தேர்வாளர் முன்னால் இல்லை.